நீட்டுக்கு பிசிக்ஸ் படிக்கிறாங்க, ஐ.ஐ.டி.யில் ஏன் குறையுறாங்க? இயற்பியலில் பெண்கள் நழுவும் இடம் எது? எளிய விளக்கம்

மரக்காணம் உப்பளத்தில் பாத்தி நிறைய கடல் தண்ணி நிக்குது. அது எப்போ உப்பா மாறும்?

வெயில், காற்று, தண்ணியோட அடர்த்தி, மூணும் சேரணும். உள்ளே வரும்போது கடல் தண்ணி சுமார் மூன்றரை டிகிரியில் இருக்கும். இது வெப்பநிலை இல்ல, அடர்த்தியை அளக்கும் டிகிரி. காய்ந்து காய்ந்து 25 டிகிரியைத் தொடும்போதுதான் உப்பு படிய ஆரம்பிக்கும். அதையும் தாண்டி ரொம்ப விட்டுட்டா மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசந்துடும். ஆவியாதல், அடர்த்தி, படிகமாதல் எல்லாமே பள்ளிப் புத்தகத்தில் இருக்கிற பாடம்தான். அந்தப் பாடத்தை வெயிலில் நின்னு தினமும் பார்க்கிறவர்களில் ஏராளமானோர் பெண்கள்.

உப்பளத்தை ஒட்டிய கடற்கரையில் இருக்கு எக்கியார்குப்பம். விழுப்புரம் மாவட்டத்தின் மீனவ கிராமம். 2023 மே மாதம் நடந்த விஷச்சாராய மரணங்களால்தான் பலருக்கும் இந்த ஊர்ப் பெயர் தெரியும். இன்னைக்கு இதே ஊரை வைத்து வேற ஒரு கணக்கைப் பார்க்கப் போறோம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம். தெற்கே போனால் காலாப்பட்டில் புதுச்சேரி பல்கலைக்கழகம். இரண்டு இடத்திலும் இயற்பியல் ஆராய்ச்சி நடக்குது. நடுவில் இருக்கும் எக்கியார்குப்பத்தில் இருந்து ஒரு பெண் பிள்ளை ஆராய்ச்சியாளரா அங்கே போய்ச் சேரணும்னா எத்தனை வாசலைத் தாண்டணும்? எந்த வாசலில் பெண்கள் அதிகமா நின்னுடுறாங்க?

முதல்ல, பெண்கள் உண்மையிலேயே குறைவா?

எந்த ஊர், எந்தப் படிக்கட்டு என்பதைப் பொறுத்தது.

பிரிட்டனில் நம்ம பிளஸ் டூவுக்கு இணையான ஏ லெவலில் இயற்பியல் எடுப்பவர்களில் மாணவிகள் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. அமெரிக்காவில் இயற்பியல் இளநிலைப் பட்டம் வாங்குபவர்களில் பெண்கள் சுமார் நாலில் ஒரு பங்கு. அங்கே பிரச்னை பள்ளியிலேயே தொடங்கிடுது. பதினாறு வயதில் பாடத்தைத் தேர்வு செய்யும்போதே மாணவிகள் விலகிடுறாங்க.

இந்தியாவின் படம் வேற மாதிரி. மத்திய கல்வி அமைச்சகத்தின் 2021-22 உயர்கல்வி கணக்கெடுப்புப்படி, அறிவியல் பிரிவில் படிப்பவர்கள் 57.2 லட்சம் பேர். அதில் பெண்கள் 29.8 லட்சம், ஆண்கள் 27.4 லட்சம். அதாவது பெண்கள் 52.1 சதவீதம். இது இயற்பியல் மட்டும் இல்ல, எல்லா அறிவியல் பாடமும் சேர்ந்த கணக்கு. ஆனாலும் தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகளில் பி.எஸ்சி. இயற்பியல் வகுப்பை எட்டிப் பார்த்தவங்களுக்கு இந்த எண் ஆச்சரியம் தராது. முன் வரிசையில் இருந்து கடைசி பெஞ்ச் வரை பெண்கள் நிறைஞ்ச வகுப்புகள் இங்கே சாதாரணம்.

அப்போ பிரச்னை இல்லையா? இருக்கு. மேலே போகப் போகத்தான் தெரியும்.

ஒரே பாடம், இரண்டு வாசல்

பிளஸ் டூ இயற்பியல் புத்தகம் ஒண்ணுதான். அதைப் படிச்சிட்டு இரண்டு பெரிய நுழைவுத் தேர்வுக்குப் போகலாம்.

• நீட்: 720 மதிப்பெண்ணில் 180 இயற்பியலுக்கு. 2024-ல் பதிவு செய்த சுமார் 24 லட்சம் பேரில் 13 லட்சத்துக்கும் மேல் பெண்கள்.

• ஜே.இ.இ. மெயின்: மூன்றில் ஒரு பங்கு இயற்பியல். எழுதுபவர்களில் பெண்கள் சுமார் மூன்றில் ஒரு பங்குதான்.

பாடம் கஷ்டம்னு பெண்கள் ஒதுங்குறாங்கன்னா நீட் பக்கமும் கூட்டம் குறைஞ்சிருக்கணும். குறையலையே! டாக்டர் ஆகணும்னா இதே இயற்பியலை ராத்திரி பகலா படிக்கிறாங்க. ஆக, மாணவிகள் இயற்பியலை வெறுக்கலை. அந்தப் பாடம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதில்தான் வீடும் பள்ளியும் பொண்ணுக்கு ஒரு பாதை, பையனுக்கு ஒரு பாதைன்னு பிரிக்குது. "பொண்ணுக்கு டாக்டர், டீச்சர். பையனுக்கு இன்ஜினியர்" என்ற பழைய பேச்சு இப்பவும் விண்ணப்பப் படிவத்தில் ஒலிக்குது.

அதோட விளைவு ஐ.ஐ.டி.க்களில் தெரிஞ்சது. 2016, 2017 வாக்கில் அங்கே பி.டெக். சேர்ந்தவர்களில் பெண்கள் 8 சதவீதம் அளவுக்குத்தான் இருந்தாங்க.

எக்கியார்குப்பத்து மாணவி: வாசல் வாசலா ஒரு பயணம்

இப்போ ஒரு மாணவியைக் கற்பனை செஞ்சுக்கோங்க. அப்பா கடலுக்குப் போறவர். அம்மா மீன் விக்கிறாங்க, இல்லைன்னா உப்பளத்துக்குப் போறாங்க. பத்தாம் வகுப்பு முடிச்சாச்சு. இந்தப் பொண்ணுக்கு இயற்பியல் பிடிக்கும்.

முதல் வாசல், குரூப்

பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் என்பதுதான் பாதி வாழ்க்கையைத் தீர்மானிக்குது. கணிதம், இயற்பியல், வேதியியல் சேர்ந்த குரூப் எடுத்தால் பொறியியல், பி.எஸ்சி. இயற்பியல், ஐ.ஐ.டி. எல்லாம் திறந்தே இருக்கும். கணிதம் இல்லாம இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் எடுத்தால் மருத்துவம் சார்ந்த படிப்புக்குப் போகலாம். ஆனா பி.எஸ்சி. இயற்பியலுக்குப் பெரும்பாலான கல்லூரிகளில் பிளஸ் டூ கணிதம் கேட்பாங்க. "கணக்கு கஷ்டம், உனக்கு எதுக்கு?" என்று யாரோ சொன்ன ஒரு வார்த்தையால் இந்த வாசல் பதினைந்து வயதிலேயே மூடிடலாம். அப்புறம் அதைத் திறக்கிறது ரொம்ப சிரமம்.

இரண்டாம் வாசல், மே மாதம்

பிளஸ் டூ ரிசல்ட் வர்றது மே மாதம். கல்லூரி சேர்க்கை மே, ஜூனில். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. தடை விசைப்படகுக்குத்தான் என்றாலும், அதை நம்பி இருக்கும் கூலி வேலை, ஐஸ், ஏற்றுமதி, சந்தை எல்லாமே மந்தமாகும். வீட்டில் காசு புழங்காத நேரத்தில்தான் சேர்க்கைக் கட்டணம், விடுதி, புத்தகம்னு செலவு வந்து நிக்குது. வீட்டில் ஒரு பையனும் ஒரு பொண்ணும் இருந்தா யாருக்கு முதல்ல பணம் கட்டுவாங்க? பதில் எல்லா வீட்டிலும் ஒண்ணு இல்ல. ஆனா இந்தக் கேள்வி வராத வீடும் குறைவு.

மூன்றாம் வாசல், பஸ்

மரக்காணத்தில் இருந்து திண்டிவனம் சுமார் 35 கிலோமீட்டர். அங்கே திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி இருக்கு. புதுச்சேரியும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். ஆனா அது வேற ஆட்சிப் பகுதி. அங்கே இருக்கும் அரசுக் கல்லூரி இடங்களில் அந்தப் பகுதி மாணவர்களுக்குத்தான் முன்னுரிமை. இயற்பியல் படிப்பில் ஆய்வக வகுப்பு உண்டு. அது பாதியில் எழுந்து வர முடியாத வகுப்பு. சாயங்காலம் லேப் முடிஞ்சு, பஸ் பிடிச்சு, மெயின் ரோட்டில் இறங்கி, குப்பம் வரை நடந்து வரணும். "இருட்டினதுக்கு அப்புறம் பொண்ணு எப்படி வருவா?" என்ற கேள்வி லேப் இல்லாத படிப்புகளுக்குக் கொஞ்சம் குறைவாத்தான் வரும்.

நான்காம் வாசல், பட்டத்துக்குப் பிறகு

சரி, பி.எஸ்சி. முடிச்சாச்சு. இப்போ மூணு பாதை. எம்.எஸ்சி., பி.எட்., இல்லைன்னா கல்யாணம். எம்.எஸ்சி. படிச்சு பிஎச்.டி.யும் முடிக்க, 21 வயதில் தொடங்கினாலும் 28, 29 ஆகிடும். அதே வயதில்தான் கல்யாணம், குழந்தைன்னு வீடு கணக்குப் போடுது. ஆராய்ச்சியாளரின் முக்கியமான ஆண்டுகளும் இவையே. இரண்டும் ஒரே காலண்டரில் மோதுது. ஆணுக்கு இந்த மோதல் இருக்கு, ஆனா லீவு எடுக்கச் சொல்லி அவரை யாரும் கேட்கிறதில்லை.

வாசல்களுக்கு அப்பால் என்ன நிலவரம்?

நாட்டின் முன்னணிக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் சுமார் நூறில் அறிவியல், பொறியியல் ஆசிரியர்களை எண்ணிப் பார்த்தது பயஸ்வாட்ச் இந்தியா என்ற குழு. பெண்கள் சுமார் 17 சதவீதம். மாணவர்களில் 52, ஆசிரியர்களில் 17. இரண்டும் ஒரே நிறுவனங்களின் கணக்கு இல்ல, ஒரே பாடமும் இல்ல. ஆனாலும் எந்தப் பக்கம் சரியுதுன்னு புரியுது.

இன்னொரு அடையாளம். நாட்டின் பெரிய அறிவியல் விருதான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது 1958-ல் இருந்து வழங்கப்பட்டு வந்தது. இயற்பியல் அறிவியல் பிரிவில் அதை ஒரு பெண் முதன்முறையா வாங்கியது 2018-ல். அவர் பிரயாக்ராஜ் ஹரிஷ் சந்திரா ஆராய்ச்சி நிறுவனத்தின் அதிதி சென் டே. அறுபது வருஷம் ஆச்சு!

உலக அளவிலும் பெருசா மாறலை. இயற்பியல் நோபல் 1901-ல் இருந்து 200-க்கும் மேற்பட்டோருக்குக் கொடுக்கப்பட்டிருக்கு. 2023 வரை அதில் பெண்கள் ஐந்தே பேர். மேரி கியூரி 1903, மரியா கோப்பெர்ட் மேயர் 1963, டோனா ஸ்ட்ரிக்லேண்ட் 2018, ஆண்ட்ரியா கெஸ் 2020, ஆன் லுய்லியே 2023. முதல் இருவருக்கு நடுவில் 60 வருஷம், அடுத்தவர் வர 55 வருஷம்.

வெயிலை அளந்தவருக்குக் கிடைக்காத பட்டம்

இது இன்னைக்குப் புதுசா வந்த கதை இல்ல. சென்னையில் படித்த ஒருவரிடம் இருந்தே தொடங்கலாம்.

அன்னா மணி. 1918-ல் கேரளத்தின் பீர்மேட்டில் பிறந்தவர். சென்னையில் பட்டம் முடிச்சு, 1940-ல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் சர் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். வைரமும் மாணிக்கமும் எப்படி ஒளிர்கின்றன என்று ஆராய்ந்து ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945-ல் ஆய்வேட்டை சென்னைப் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்தார். முதுநிலைப் பட்டம் இல்லைன்னு சொல்லி பிஎச்.டி. மறுக்கப்பட்டது. செஞ்ச ஆராய்ச்சி கையில் இருந்தது, பட்டம் மட்டும் கிடைக்கலை.

அவர் அதோட நிற்கலை. லண்டன் போய் வானிலைக் கருவிகளைப் பற்றிப் படிச்சார். 1948-ல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். அதுவரை வெளிநாட்டில் இருந்து வாங்கிய கருவிகளை இங்கேயே செய்ய வழி செஞ்சார். 1976-ல் துணைத் தலைமை இயக்குநரா ஓய்வு பெற்றார். இந்தியாவில் எந்த ஊரில் எவ்வளவு வெயில் விழுது என்பதை அளந்து 1980, 1981-ல் அவர் வெளியிட்ட இரண்டு நூல்கள் சூரிய மின்சாரத் திட்டங்களுக்கு அடிப்படைத் தரவு ஆச்சு. காற்றின் வேகத்தையும் அளந்தார்.

வெயிலும் காற்றும்! உப்பளத்துப் பாத்தியைக் காய வைக்கும் அதே இரண்டு. அம்மாக்கள் அனுபவத்தில் தெரிஞ்சு வெச்சிருப்பதை எண்ணாக மாத்தினவர் அன்னா மணி.

அதே காலத்தில் இன்னொருவர், லலிதா துரைசாமி. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர். ராமன் ஆய்வகத்திலும் இருந்தார். 1936-ல் அதே கல்லூரியில் தனக்கு முன் வகுப்பில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரைத் திருமணம் செய்து அமெரிக்கா போனார். சந்திரசேகர் 1983-ல் நோபல் பரிசு வாங்கினார். லலிதாவின் இயற்பியல் கல்யாணத்தோட நின்னுபோச்சு. இதில் யாரையும் குற்றம் சொல்றதுக்கு இல்ல. ஒரே கல்லூரி, ஒரே பாடம், பாதை மட்டும் வேற.

கொல்கத்தாவில் பிபா சௌத்ரி. 1936-ல் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தபோது வகுப்பிலேயே ஒரே பெண். காஸ்மிக் கதிர்களில் புதிய துகள்களைத் தேடும் ஆராய்ச்சியை டி.எம். போஸுடன் சேர்ந்து செஞ்சார். பின்னாளில் அவர் பெயர் ஒரு நட்சத்திரத்துக்குச் சூட்டப்பட்டது. அதுவும் 2019-ல்தான். அவர் இறந்தது 1991-ல்.

பெண்களுக்கு பிசிக்ஸ், கணக்கு வராதுன்னு சொல்றது உண்மையா?

இல்ல. நம்ம ரிசல்ட்டையே பாருங்க. 2024 பிளஸ் டூ பொதுத்தேர்வில் மாணவிகள் தேர்ச்சி 96.44 சதவீதம், மாணவர்கள் 92.37 சதவீதம். எல்லாப் பாடமும் சேர்ந்த கணக்கு இது. ஆனா பல வருஷமா இதே நிலைதான்.

சூழல்தான் விஷயம் என்பதற்குப் பிரிட்டனில் ஒரு சான்று உண்டு. அங்குள்ள இயற்பியல் நிறுவனம் 2012-ல் வெளியிட்ட ஆய்வு சொல்றது இது. இருபாலர் படிக்கும் அரசுப் பள்ளிகளில் கிட்டத்தட்ட பாதியில் இருந்து, 2011-ல் ஒரு மாணவிகூட ஏ லெவல் இயற்பியலுக்குப் போகலை. ஆனா பெண்கள் மட்டும் படிக்கும் பள்ளிகளில் இருந்து போறவங்க சுமார் இரண்டரை மடங்கு அதிகம். மூளை அதேதான். "இது பசங்க பாடம்" என்று சொல்ல அந்த வகுப்பில் பசங்க இல்ல, அவ்வளவுதான்.

இதுவரை என்ன செஞ்சிருக்காங்க?

• ஐ.ஐ.டி. கூடுதல் இடங்கள்: 2018-ல் இருந்து பெண்களுக்கென தனியா இடங்கள். ஆண்களின் இடத்தைக் குறைக்காம, கூடுதலா உருவாக்கப்பட்டவை. 2018-ல் 14, 2019-ல் 17, 2020-ல் 20 சதவீதம்னு இலக்கு வெச்சாங்க. 8 சதவீதம் சில வருஷத்தில் 20-ஐத் தொட்டது. வாசலைத் திறந்தா வர்றாங்க என்பதற்கு இதைவிட நேரடி உதாரணம் தேவையில்லை.

• புதுமைப்பெண்: 2022 செப்டம்பர் 5 தொடங்கியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்வி சேரும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய். முதல் பட்டம் முடியும் வரை. இதைக் கவனிங்க, எம்.எஸ்சி. வாசலில் இந்த உதவி நின்னுடுது.

• கட்டணமில்லா பஸ்: 2021-ல் இருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. தொலைதூர பஸ்ஸுக்கு இது பொருந்தாது.

• மத்திய அரசின் வைஸ்-கிரண்: குடும்பத்துக்காக ஆராய்ச்சியை இடையில் விட்ட பெண்கள் திரும்பி வர நிதி. 9 முதல் 12-ம் வகுப்பு மாணவிகளுக்கு விஞ்ஞான் ஜோதி என்ற திட்டமும் உண்டு.

• ஐதராபாத் சாசனம்: இந்திய இயற்பியல் சங்கத்தின் பாலினக் குழு 2019 மாநாட்டுக்குப் பிறகு வெளியிட்டது. ஆள் எடுப்பு, கருத்தரங்கு, பாதுகாப்பு எல்லாத்திலும் சமத்துவம் கேட்கும் ஆவணம். இந்த முயற்சிகளில் முன்னணியில் நின்ற துகள் இயற்பியலாளர் ரோஹிணி கோட்போலே 2024 அக்டோபரில் காலமானார்.

வீட்டில் பிசிக்ஸ் பிடிக்கும்னு சொல்ற பொண்ணு இருந்தா...

1. குரூப் எடுக்கும்போது கணிதத்தை விட்டுடாதீங்க. உயிரியலோட கணிதமும் சேர்ந்த குரூப் கிடைச்சா இரண்டு பக்க வாசலும் திறந்தே இருக்கும்.

2. பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டிலேயே எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வுக்குத் தயாராகுங்க. ஐ.ஐ.டி.க்கு ஜாம் தேர்வு. பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் குறைவு. புதுச்சேரி பல்கலைக்கழகம் போன்ற மத்தியப் பல்கலைகளுக்கு கியூட் முதுநிலைத் தேர்வு.

3. பிஎச்.டி. என்றால் செலவு இல்ல, வருமானம். இது பல வீட்டுக்குத் தெரியாத விஷயம். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். தகுதி பெற்றால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. 2023 ஜனவரியில் இருந்து இந்தத் தொகைதான். வீட்டு வாடகைப் படி தனி.

4. வயசு போயிடுச்சேன்னு விட்டுடாதீங்க. ஜே.ஆர்.எஃப். வயது வரம்பில் பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. யு.ஜி.சி. விதிப்படி பிஎச்.டி. முடிக்க பெண்களுக்கு 2 ஆண்டு கூடுதல் அவகாசமும், மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்கு 240 நாள் வரை விடுப்பும் கிடைக்கும்.

சுருக்கமா சொன்னா

பெண்கள் இயற்பியல் படிக்க வராததில்லை நம்ம ஊர்ப் பிரச்னை. வந்தவங்க ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் கொஞ்சமா நின்னுபோறாங்க. குரூப், மே மாதத்துக் காசு, சாயங்கால பஸ், பட்டத்துக்கு அப்புறம் கல்யாணம்னு ஒவ்வொரு வாசலுக்கும் பெயர் இருக்கு. பெயர் தெரிஞ்சா சரி செய்யலாம். ஐ.ஐ.டி. வாசலில் அது நடந்திருக்கு. எம்.எஸ்சி. வாசலிலும், லேப் முடிஞ்சு வீடு திரும்பும் கடைசி பஸ்ஸிலும் இன்னும் நடக்கலை.

அடுத்த ரிசல்ட் வரும்போது மரக்காணத்தில் உப்பு வாரும் காலம்தான். அந்த வாரத்தில் எக்கியார்குப்பத்தில் ஏதோ ஒரு வீட்டில் "மேல என்ன படிக்கப் போறே?" என்று ஒரு பொண்ணைக் கேட்பாங்க. பிசிக்ஸ்னு சொன்னா, "அதை வெச்சு என்ன பண்ணுவே?" என்பது அடுத்த கேள்வியா வரும். அதுக்கு அவ கையில் ஒரு பதில் இருக்கணும். மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை என்பதில் இருந்தே ஆரம்பிக்கலாம்.